36,000 கிலோமீட்டர் போகும் தகவல், 300 மீட்டர் போகாத தண்ணீர்

ஒரு அணையில் எத்தனை மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்பது டெல்லிக்கு ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடுகிறது. அதே அணையை நம்பி ஓடும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில், காலனியின் கடைசி வீட்டுக்கு இன்று எத்தனை குடம் வந்தது என்பது இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஊராட்சி அலுவலகத்தின் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அதைப் பதிய வேண்டும் என்று யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. வானத்துக்குப் போய்த் திரும்பி வரும் தகவலுக்கு இருக்கும் மரியாதை, தெருவைத் தாண்டிப் போகாத தண்ணீருக்கு ஏன் இல்லை? இதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

கருவியைப் பற்றி முதலில் தெரிந்துகொள்வோம். புரியாமல் எதிர்ப்பதும் புரியாமல் கும்பிடுவதும் நமக்கு உதவாது.

செயற்கைக்கோள் இங்கே தபால்காரர்

"செயற்கைக்கோள் மூலம் நீர்க் கண்காணிப்பு" என்று செய்தித்தாள்கள் எழுதும்போது இரண்டு வேறு வேலைகளை ஒன்றாகக் குழப்புகிறார்கள். ஒன்று, செயற்கைக்கோளே பார்ப்பது. 2002-ல் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் பூமியின் ஈர்ப்பு விசையில் ஏற்படும் சிறு மாற்றங்களை அளந்தன. அந்த அளவுகளை வைத்து 2009-ல் ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதியில் 2002 முதல் 2008 வரையிலான ஆறு ஆண்டுகளில் சுமார் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் காணாமல் போயிருந்தது. இங்கே செயற்கைக்கோள்தான் கண்.

இன்னொரு வேலை தபால்காரர் வேலை. பார்ப்பது, அளப்பது எல்லாம் தரையில் நடக்கும். பாலத்தின் அடியில் ஒரு ராடார் சென்சார் தண்ணீரை நோக்கி அலையை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து நீர்மட்டத்தைக் கணக்கிடும். பக்கத்தில் மழைமானி. அதற்குள் கரண்டி அளவுக்கு ஒரு சின்ன வாளி நிரம்பிக் கவிழும் ஒவ்வொரு தடவையும் ஒரு எண் கூடும். இந்த எண்களைச் சேமிக்க டேட்டா லாகர், மின்சாரத்துக்கு சோலார் பேனல், ராத்திரிக்கு பேட்டரி, ஒரு ஆன்டெனா. டவர் கிடைக்கும் இடத்தில் ஒரு சிம் கார்டு போதும். மலை, காடு, ஆற்றின் தலைப்பகுதி போன்ற டவர் இல்லாத இடங்களில்தான் செயற்கைக்கோள் தேவைப்படுகிறது. 2013-ல் ஏவப்பட்ட இன்சாட்-3டி, 2016-ல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஆர் போன்றவற்றில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. தரையிலிருந்து வரும் சிறு தகவலை வாங்கிக் கீழே இருக்கும் தரை நிலையத்துக்குத் திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. மத்திய நீர் ஆணையம் அதை ஜெய்ப்பூரிலும் ஒடிசாவின் புர்லாவிலும் இருக்கும் நிலையங்களில் பெற்றுக்கொள்கிறது. போக சுமார் 36,000 கிலோமீட்டர், வர அதே அளவு.

அந்தத் தபாலில் என்ன எழுதியிருக்கும்? நிலைய எண், நேரம், நீர்மட்டம், மழை அளவு, பேட்டரியின் வோல்டேஜ். அவ்வளவுதான். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவோம்.

இதற்காகச் செலவாகும் பணமும் சிறியதல்ல. 2016-ல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தேசிய நீரியல் திட்டத்தின் மதிப்பு சுமார் 3,680 கோடி ரூபாய். அதில் பாதி உலக வங்கிக் கடன். ஆறுகள், அணைகள், நிலத்தடி நீர் எல்லாவற்றையும் நிகழ்நேரத்தில் அளந்து ஒரே இடத்தில் சேர்ப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் மிஷனும் கிராமக் குடிநீரைச் சென்சார் வைத்து அளப்பது பற்றிப் பேசுகிறது. ஓட்டம், அழுத்தம், குளோரின் எல்லாவற்றையும் அளந்து திரையில் காட்டுவார்களாம்.

நல்லது. அளக்கட்டும். ஆனால் எங்கே நின்று அளக்கிறார்கள்?

இந்த ஆணையம் யாருடைய காலத்தில் பிறந்தது?

"தலித் அமைப்புகளுக்கு டெலிமெட்ரியில் என்ன வேலை? நீங்கள் வன்கொடுமை வழக்கைப் பாருங்கள்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

1942 முதல் 1946 வரை அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் வந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் அவர் மேசையில் வளர்ந்தது. 1945 நவம்பரில் கட்டாக்கில் நடந்த ஒடிசா நதிகள் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். மகாநதியின் வெள்ளத்தை அழிவாக மட்டும் பார்க்காமல் செல்வமாகத் தேக்கிப் பயன்படுத்த வேண்டும் என்ற பார்வை அங்கே முன்வைக்கப்பட்டது. ஹிராகுட் அணை அந்தத் தொடர்ச்சியில் வந்தது. அதே 1945-ல், அவருடைய ஆலோசனையின்பேரில், மத்திய நீர்வழி, பாசன, கப்பல் போக்குவரத்து ஆணையம் உருவானது. இன்றைய மத்திய நீர் ஆணையம் அதன் வாரிசு. செயற்கைக்கோள் தபாலை வாங்கும் புர்லா நிலையம் ஹிராகுட் அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் பானையைத் தொட அனுமதிக்கப்படாமல், பியூன் வந்து ஊற்றும்வரை தாகத்தோடு காத்திருந்த ஒரு சிறுவன், வளர்ந்து இந்த நாட்டின் நதிகளுக்கு ஒரு ஆணையம் அமைத்தார். ஆகவே இந்தத் துறை நமக்கு அந்நியமானது அல்ல. நீரியல், தரவு, அணை, சென்சார் எல்லாம் நம்முடைய பேச்சுக்குள் வர வேண்டியவை. "டெக்னிக்கல் விஷயம்" என்று சொல்லி நம்மை வாசலில் நிறுத்துவதும் ஒரு வகைத் தீண்டாமைதான்.

சராசரி என்ற பொய்

ஒரு எளிய கணக்கு போடுவோம். கற்பனைக் கணக்குதான், ஆனால் களத்தில் வேலை செய்த யாருக்கும் இது புதிதாக இருக்காது.

ஒரு ஊராட்சி. ஊர்த்தெருவில் 100 வீடு, காலனியில் 50 வீடு. வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் மொத்தம் 750 பேர். ஜல் ஜீவன் மிஷன் கணக்குப்படி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஆக மொத்தம் 41,250 லிட்டர் வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் வெளிக்குழாயில் மீட்டர் பொருத்தியாகிவிட்டது. அது தினமும் 41,250 லிட்டர் காட்டுகிறது. திரையில் பச்சை விளக்கு. திட்டம் வெற்றி.

இப்போது கேட் வால்வுக்கு அந்தப் பக்கம் போவோம். ஊர்த்தெருவில் 500 பேர், தலைக்கு 70 லிட்டர் எடுத்துக்கொண்டால் 35,000 லிட்டர் போய்விட்டது. மிச்சம் 6,250 லிட்டர். அதைக் காலனியின் 250 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 25 லிட்டர். சராசரி என்ன? சரியாக 55. மீட்டர் பொய் சொல்லவில்லை. செயற்கைக்கோளும் பொய் சொல்லவில்லை. மீட்டரை எங்கே வைத்தோம் என்பதில்தான் பொய் இருக்கிறது.

குடக் கணக்கில் பாருங்கள். 15 லிட்டர் குடம் என்று வைத்தால், ஐந்து பேர் வீட்டுக்கு அரசு தருவதாகச் சொல்வது சுமார் 18 குடம். இந்தக் கணக்கில் ஊர்த்தெரு வீட்டுக்கு 23 குடம் வருகிறது, காலனி வீட்டுக்கு 8 குடம் வருகிறது. அந்தப் பத்துக் குடம் எங்கே போனது என்று கேட்டால் திரையில் பதில் இல்லை. அந்தப் பத்துக் குடத்தை எங்கிருந்தோ தலையில் சுமந்து வருவது ஒரு பெண். அவளுடைய நடை எந்தச் சென்சாரிலும் பதிவாகாது.

இது எப்படி நடக்கிறது? யாரும் வெளிப்படையாக "காலனிக்குத் தண்ணீர் கிடையாது" என்று உத்தரவு போடுவதில்லை. தொட்டி ஊருக்குள் இருக்கும். குழாய் முதலில் ஊர்த்தெருக்களைச் சுற்றிவிட்டுக் கடைசியில் காலனிக்கு வரும். வழியில் வசதியுள்ள வீடுகள் லைனில் மோட்டார் வைத்து உறிஞ்சும். கடைசிக் குழாயில் காற்று வரும். கேட் வால்வை யார் எப்போது திறக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். களப்பணியில் ஒரு டேங்க் ஆபரேட்டரிடம், "காலனி வால்வை ஏன் அரைமணி நேரத்தில் மூடுகிறீர்கள்?" என்று கேட்டேன். "மூடலைன்னா ஊர்ல பேசுவாங்க சார்கிட்ட" என்றார். அவரும் காலனிக்காரர்தான். அவர் கை வால்வில் இருந்தது, முடிவு வேறு இடத்தில் இருந்தது.

சமூகவியல் வகுப்பில் அதிகாரம் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். அதிகாரம் என்பது கேட் வால்வைத் திருகாமலேயே திருக வைப்பது. இதற்கு மேல் ஒரு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்னதும் இதைத்தான். வீட்டு வளாகத்துக்குள்ளேயே குடிநீர் கிடைக்கும் குடும்பங்கள் நாடு முழுவதும் சுமார் 47 சதவீதம். பட்டியல் சாதிக் குடும்பங்களில் அது சுமார் 35 சதவீதம், பழங்குடிக் குடும்பங்களில் சுமார் 20 சதவீதம். அந்தக் கணக்கெடுப்பில் சாதிக்கு ஒரு கட்டம் இருந்ததால்தான் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிந்தது. செயற்கைக்கோள் தபாலில் பேட்டரியின் வோல்டேஜுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. காலனியின் கடைசிக் குழாய்க்குக் கட்டம் இல்லை. பேட்டரி இறங்கினால் பொறியாளருக்குத் தெரியும். காலனியில் தண்ணீர் இறங்கினால்?

2025 ஏப்ரலில், "காலனி" என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இழிவாக மாற்றப்பட்ட ஒரு சொல் போவதை நாமும் வரவேற்கிறோம். ஆனால் சொல் போகும்போது அந்தக் குடியிருப்பைத் தனியாகக் கணக்கிடும் வழியும் போய்விடக் கூடாது. பெயர்ப்பலகை மாறி, குழாய் அதே நீளத்தில் இருந்தால் பாகுபாட்டுக்கு மறைவிடம் கிடைத்தது என்றுதான் அர்த்தம்.

வேங்கைவயலில் சென்சார் இருந்திருந்தால்?

2022 டிசம்பர் இறுதியில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகு, தண்ணீரில் நாற்றம் வந்த பிறகு, மக்களே தொட்டியில் ஏறிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அந்த நாட்களில், "தொட்டிகளில் சென்சாரும் கேமராவும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது" என்று பலர் நல்ல மனதோடு எழுதினார்கள்.

யோசித்துப் பாருங்கள். குளோரின் சென்சார் இருந்திருந்தால் அளவு குறைந்ததைக் காட்டியிருக்கலாம். எச்சரிக்கை எங்கே போயிருக்கும்? அதை யார் பார்த்திருப்பார்கள்? எத்தனை நாளில் ஆள் வந்திருப்பார்? குழந்தைகள் ஒருநாள் முன்னால் தப்பியிருக்கலாம், அதுவும் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீதி? மாவட்ட ஆட்சியர் நேரில் போனபோதுதான் அங்கே டீக்கடையில் இரட்டைக் குவளையும் கோயிலுக்குள் நுழையத் தடையும் இருப்பது அரசு ஆவணத்துக்கு வந்தது. அவற்றுக்கு எந்தச் சென்சார் இருக்கிறது? வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. டிஎன்ஏ பரிசோதனை நடந்தது. உயர் நீதிமன்றம் ஒருநபர் ஆணையம் அமைத்தது. இரண்டு வருடம் கழித்து 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த தலித் இளைஞர்கள் மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை, சிபிஐ விசாரணை கேட்டார்கள்.

டிஎன்ஏ வரைக்கும் போன அறிவியல் அங்கே இருந்தது. அறிவியல் யார் கையில் இருந்தது, யாரை நோக்கித் திரும்பியது என்பதுதான் கேள்வி. நாளைக்குத் தொட்டியின் மேல் கேமரா வைத்தால், அந்தப் பதிவு யாரிடம் இருக்கும்? காலனி மக்களிடமா, அவர்களைச் சந்தேகிப்பவர்களிடமா? கண்காணிப்புக் கருவி வேண்டும் என்று கேட்கும் முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். யாரைக் கண்காணிக்கும் கருவி?

அவர்கள் சொல்லும் மூன்று வாதங்கள்

ஒன்று, "தரவுக்குச் சாதி கிடையாது." தரவுக்குச் சாதி இல்லை, சரி. மீட்டர் பொருத்தும் இடத்துக்கு இருக்கிறது. தொட்டிக்கு இருக்கிறது. குழாய் போகும் வழிக்கு இருக்கிறது. ஊரையும் சேரியையும் பிரித்துக் கட்டிவிட்டு இரண்டுக்கும் சேர்த்து ஒரு எண் எழுதினால், அந்த எண் பிரிவினையை ஒளித்து வைக்கிறது.

இரண்டு, "குடிநீரைச் சாதிவாரியாகக் கணக்கெடுத்தால் சாதி உணர்வு வளரும்." இந்த வாதத்தைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லி, சாதி அடிப்படையில் யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15-வது பிரிவே சொல்கிறது. தலித், பழங்குடி மக்கள் பயன்படுத்தும் நீரை அசுத்தம் செய்வதும், பொது நீர்நிலைகளில் அவர்களைத் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-வது பிரிவில் குற்றங்கள். சட்டமே சாதியின் பெயரைச் சொல்லித்தான் தண்ணீரைப் பாதுகாக்கிறது. சட்டம் பார்க்கச் சொல்வதைப் பார்க்க மாட்டேன் என்று கருவியைச் செய்பவர் சொல்ல முடியாது.

மூன்று, "செலவு." இதுதான் வேடிக்கை. காலனிக்குப் பிரியும் கிளைக் குழாயில் ஒரு சாதாரண மெக்கானிக்கல் மீட்டர் போதும். அதற்குச் செயற்கைக்கோள் வேண்டாம், சிம் கார்டுகூட வேண்டாம். வாரம் ஒருமுறை இரண்டு பெண்கள் போய் எண்ணைப் பார்த்துச் சுவரில் எழுதினால் ஆயிற்று. ஆயிரக்கணக்கான கோடியில் நதியை அளக்கும் அரசுக்கு இந்தச் செலவு முடியாது என்றால், தடுப்பது பணம் அல்ல.

தகவல் வந்தால் ஆள் வர வேண்டும்

தொழில்நுட்பத்தால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. ருவாண்டாவில் அடிபம்புகளில் சென்சார் பொருத்தி ஒரு ஆய்வு நடந்தது, 2015-ல் வெளியானது. வழக்கமான முறையில் பராமரிக்கப்பட்ட பம்புகள் பழுதானால் சரிசெய்ய ஆன இடைநிலைக் காலம் சுமார் 152 நாள். சென்சார் தகவல் வந்ததும் ஆம்புலன்ஸ் மாதிரி ஆள் போய்ச் சரிசெய்த இடங்களில் அது சுமார் 21 நாளாகக் குறைந்தது. அங்கே தகவல் போனது மொபைல் டவர் வழியாக. வடக்குக் கென்யாவின் வறண்ட பகுதிகளில், டவர் இல்லாத இடங்களின் ஆழ்துளைக் கிணறுகளுக்குச் செயற்கைக்கோள் இணைப்பையே பயன்படுத்தினார்கள்.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்று. பம்பைச் சரிசெய்தது ஸ்பானரோடு போன ஆள். அந்த ஆளை அனுப்புவதற்கான பொறுப்பும் சம்பளமும் உதிரிப் பாகமும் முன்கூட்டியே ஏற்பாடாகி இருந்தன. நம் ஊரில் தகவல் வரும், ஆள் வர மாட்டார். வந்தாலும் முதலில் ஊர்த்தெருப் பம்புக்குத்தான் போவார்.

பாதி வேலை எவ்வளவு ஆபத்து என்பதற்கு சிக்கிம் சாட்சி. தெற்கு லோனாக் பனிப்பாறை ஏரி உடையலாம் என்று பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் எச்சரித்து வந்தார்கள். 2023 செப்டம்பரில்தான் அங்கே கண்காணிப்புக் கருவிகள் வைக்கப்பட்டன. கீழே இருக்கும் மக்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரும் அமைப்பு முழுமையாகவில்லை. அக்டோபர் 3 நள்ளிரவைத் தாண்டி ஏரி உடைந்து, சுங்தாங்கில் இருந்த தீஸ்தா-3 அணையையே அடித்துக்கொண்டு போனது. கரையோரத்தில் வாழ்பவர்களுக்கும் நதியோர வேலைத்தளத்தில் படுத்திருக்கும் தொழிலாளிகளுக்கும் சேராத தகவல் வெறும் ஆவணம்தான்.

செயற்கைக்கோள் உண்மையாகத் தேவைப்படும் மக்களும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். மலைகளில் டவர் எட்டாத பழங்குடிக் குடியிருப்புகள், கோடையில் ஊற்று வற்றினால் மைல் கணக்கில் நடப்பவர்கள். அந்த ஊற்றின் மட்டத்தை அளந்து, வற்றுவதற்கு ஒரு மாதம் முன்னால் ஏற்பாடு செய்ய இந்தக் கருவி உதவும். அதற்காக நாம் போராட வேண்டும். ஆனால் அங்கேயும் ஒரு கேள்வியை விடாதீர்கள். ஓடைக்கரையில் நிற்கும் இரும்புக் கம்பத்துக்குச் செயற்கைக்கோள் இணைப்பு கொடுக்க முடிகிற அரசால், அதற்குப் பக்கத்தில் குடியிருக்கும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு 108-ஐக் கூப்பிட ஒரு சிக்னல் ஏன் கொடுக்க முடியவில்லை? தண்ணீர் பற்றிய செய்தி மலை இறங்குகிறது. மனிதர் பற்றிய செய்தியும் இறங்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

கிளைக் குழாய் பிரியும் இடத்தில், குடியிருப்புவாரியாக மீட்டர். தொட்டியின் வாயில் மட்டும் அளப்பதை அளவாக ஏற்க மாட்டோம். முதல் வீடு அல்ல, கடைசி வீடுதான் அளவுகோல்.

அந்த எண்கள் தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரிலும் காலனியின் சுவரிலும். ஆங்கிலத் திரையில் மாவட்டச் சராசரியாகக் காட்டுவது மக்களுக்குக் காட்டியதாகாது.

தண்ணீர் குறைந்தால் இத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற காலக்கெடு, தவறினால் பொறுப்பாளர் யார் என்ற பெயர். ஊருக்கும் சேரிக்கும் இடையில் தொடர்ச்சியான வித்தியாசம் இருந்தால், அதை வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழுவின் முன் வைக்க வேண்டும்.

ஜல் ஜீவன் மிஷன் விதிப்படி கிராமக் குடிநீர், சுகாதாரக் குழுவில் பாதிப்பேர் பெண்களாகவும், கால் பங்கு நலிந்த பிரிவினராகவும் இருக்க வேண்டும். பல ஊர்களில் அந்தப் பெயர்கள் காகிதத்தில் இருக்கின்றன, அந்தப் பெயர்களுக்கு உரியவர்களுக்கே அது தெரியாது. குழு உயிரோடு இருக்க வேண்டும், மீட்டர் பார்க்கும் வேலையும் அதற்கான ஊதியமும் அந்தப் பெண்களுக்கு வர வேண்டும்.

நீங்கள் இந்த மாதமே செய்யக் கூடியது

அரசு மீட்டர் வைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு பத்து லிட்டர் வாளி, செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஊர்த்தெருவில் ஒரு குழாய், காலனியின் கடைசிக் குழாய். தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு நின்றது, வாளி நிரம்ப எத்தனை நொடி. முப்பது நாள் விடாமல் எழுதுங்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளையே கணக்குப் போட்டுவிடும். எழுதும் வேலையைக் காலனிப் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் கொடுங்கள். வெளியிலிருந்து போகும் நாம் ஒருநாள் கிளம்பிவிடுவோம், நோட்டு அங்கேயே இருக்க வேண்டும்.

இதோடு தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் ஒரு மனு போடுங்கள். தொட்டியின் கொள்ளளவு, குழாய்ப் பாதையின் வரைபடம், வால்வு திறக்கும் நேர அட்டவணை, குடிநீர்க் குழு உறுப்பினர் பட்டியல், தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகள். இந்த ஐந்தையும் கேளுங்கள். பதில் வந்தாலும் ஆதாரம், வராவிட்டாலும் ஆதாரம்.

பிறகு கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் படியுங்கள். தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். பதிய மறுத்தால் மறுத்ததை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள், முப்பது பேராகப் போங்கள். ஊரில் வாழப் போவது அவர்கள். அவர்களுடைய பாதுகாப்பைக் கேட்காமல் எந்தப் படத்தையும் எண்ணையும் சமூக ஊடகத்தில் போடாதீர்கள்.

கடைசியாக ஒரு வரலாறு. பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோர் எல்லாரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது 1923-ல். மகாத் நகராட்சியும் அதை ஒட்டித் தன் குளத்தைத் திறந்துவிட்டதாக எழுதிக்கொண்டது. காகிதத்தில் குளம் திறந்தே இருந்தது. அன்றைக்கு ஒரு டாஷ்போர்டு இருந்திருந்தால் மகாத் பச்சை நிறத்தில் எரிந்திருக்கும். ஆனால் யாரும் ஒரு கை தண்ணீர் அள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணலின் தலைமையில் மக்கள் நடந்து போய்ச் சவுதார் குளத்தில் இறங்கிக் குடித்த பிறகுதான், அந்தத் தீர்மானம் பொய் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. ஆதிக்க சாதியினர் 108 குடம் பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்தைத் "தூய்மை" செய்தார்கள். வழக்கு பத்து ஆண்டு நடந்து, 1937-ல் உயர் நீதிமன்றத்தில் நாம் ஜெயித்தோம்.

பச்சை விளக்குக்கும் தண்ணீருக்கும் உள்ள தூரத்தை அன்றைக்கு நடந்துதான் அளந்தார்கள். இன்றைக்கு வாளியும் நோட்டும் இருக்கின்றன. உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் ஊரின் பெயர், தொட்டியின் கொள்ளளவு, கடைசி வீட்டின் கதவு எண் மூன்றையும் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

ஜெய் பீம்.